ஓவன் கோய்லுக்குப் பிறகு சென்னையின் எஃப்சிக்கு யார்? (2025 ஆகஸ்டில் எழுதப்பட்ட இழை)

நீலக்கொடி:

ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்துத் தொடரில் ஆடும் நம் சென்னையின் எஃப்சியின் தலைமைப் பயிற்சியாளர் ஓவன் கோய்ல் விலகிவிட்டார். 2023–24இல் இரண்டாம் முறை வந்து, நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு நம்மைப் பிளேஆஃப் சுற்றுக்குள் (லீக் ஆட்டங்களுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் சுற்று) கொண்டுவந்தவர் அவர். அதற்கு அடுத்த சீசனிலேயே 13 அணிகளில் 11ஆம் இடத்தில் முடிந்ததும் அவர் காலத்தில்தான். 2019 டிசம்பரில் அவர் முதன்முறை வந்தபோது, தரைதட்டிக் கிடந்த அணியை மூன்றே மாதங்களில் இறுதிப்போட்டிவரை அழைத்துச் சென்றதை நான் மறக்க மாட்டேன். அந்த நன்றியோடு, அடுத்து யார் வர வேண்டும் என்பதைப் பேச இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பெயர்களுக்குள் போவதற்கு முன் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 2020–21இல் சாபா லாஸ்லோ, 2021–22இல் போஜிதார் பாண்டோவிச், 2022–23இல் தாமஸ் பிர்தாரிச். ஹங்கேரியர் ஒருவர், மாண்டினீக்ரோகாரர் ஒருவர், ஜெர்மானியர் ஒருவர். லாஸ்லோவின் அணி 20 ஆட்டங்களில் 11ஐச் சமநிலையில் முடித்தது. பாண்டோவிச்சின் அணி கதவைச் சாத்திக்கொண்டு ஆடியது. கோவாவிடம் 5–0 என்று தோற்றதோடு அவர் காலம் முடிந்தது. பிர்தாரிச்சின் அணியோ நார்த் ஈஸ்ட் யுனைடெட்டை 7–3 என்று வெல்லும் அளவுக்குத் திறந்து ஆடியது. மூவருக்கும் மூன்று விதமான ஆட்டம் இருந்தும், மூன்று சீசன்களிலும் நமக்குக் கிடைத்தது எட்டாம் இடம்தான். ஆகவே குறை பயிற்சியாளரின் பெயரில் மட்டும் இல்லை, அவரை எதற்காக அழைக்கிறோம் என்று முதலிலேயே தீர்மானிக்காததில் இருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் தேர்வைச் சொல்லும்போது, அவர் எதற்காக வர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

காசிமேடு கோல்கீப்பர்:

என் தேர்வு அந்தோனியோ ஹபாஸ். அவர் இப்போது, 2025இல், ஐ-லீக் (ஐஎஸ்எல்லுக்கு அடுத்த நிலை லீக்) அணியான இன்டர் காசியில் இருக்கிறார் என்பது தெரியும். ஆனாலும் கழகம் கேட்டுப் பார்க்க வேண்டிய முதல் கதவு அதுதான்.

2014இல் முதல் ஐஎஸ்எல் கோப்பையைக் கொல்கத்தாவுக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர். 2020 மார்ச் 14 அன்று, பார்வையாளர் யாருமில்லாத ஃபட்டோர்டா மைதானத்தில் நம்மை 3–1 என்று வீழ்த்தி இரண்டாவது கோப்பையையும் எடுத்தார். 2024இல் பாதி சீசனில் வந்து மோகன் பகானுக்கு லீக் ஷீல்டை, அதாவது லீக் பட்டியலில் முதலிடத்துக்கான பரிசை, வென்று தந்தார். 2024–25 ஐ-லீக் பட்டமும், நீண்ட வழக்குக்குப் பிறகு, அவருடைய இன்டர் காசிக்கே கிடைத்திருக்கிறது. இந்திய மண்ணில் எந்த அணியை எந்த நிலையில் கொடுத்தாலும் பின்களத்தை முதலில் கட்டி எழுப்பத் தெரிந்தவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் அணிக்கு அவர் எதற்காக என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்று பழகியவன் என்பதால் அந்தக் கோணத்தில் சொல்கிறேன். கடந்த சீசனில் நாம் வாங்கிய கோல்களில் பலவற்றை மீண்டும் ஓட்டிப் பார்த்தேன். எதிரணியின் முதல் தாக்குதலை நம் பின்களம் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. தடுத்த பந்து பெனால்டி பகுதிக்கு வெளியே விழும்போதுதான் அங்கே நம் ஆள் இருப்பதில்லை. இரண்டாவது பந்து எதிரணிக்கே போகிறது, கோல் விழுகிறது. இது வீரர்களின் திறமைக் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. யார் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தினமும் சலிக்காமல் சொல்லி நிறுத்திவைக்கும் ஒழுங்குதான் குறைவு. ஹபாஸுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒழுங்குதான் என்று குறை சொல்பவர்கள் உண்டு. இன்றைக்கு நமக்கு வேண்டியதும் அதுதான்.

வியாசர்பாடி விங்கர்:

கோல்கீப்பர் அண்ணா சொன்ன இரண்டாவது பந்து விஷயம் முழுக்க உண்மை. ஆனால் அங்கே நிற்க வேண்டியவர் யார் என்ற கேள்வியிலிருந்துதான் நான் வேறு பக்கம் போகிறேன்.

நாம் 2015இல் கோப்பையை வென்றபோது களத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம். இந்தியர்கள் ஐந்து பேர். 2018இல் மீண்டும் வென்றபோது வெளிநாட்டவர் ஐந்து, இந்தியர்கள் ஆறு. 2021–22 முதல் களத்தில் நான்கு வெளிநாட்டவருக்கு மேல் கூடாது. ஏழு பேர் இந்தியர்களாக இருக்க வேண்டும். 2015இல் நம் ஸ்ட்ரைக்கர் மெண்டோசா ஒருவரே 13 கோல் அடித்துக் கோப்பையை இழுத்துவந்த காலத்தை நாம் அன்போடு நினைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தச் சமையல் குறிப்பை வைத்து இன்றைக்கு உலை ஏற்ற முடியாது. ஏழு இந்தியர்களைச் சரியாகத் தேர்ந்தெடுப்பவரே இனி வெற்றி பெறுவார். ஐரோப்பாவிலிருந்து ஜூலையில் வந்திறங்கி, வீரர்களின் பெயரைக் கற்றுக்கொள்வதற்கே அக்டோபர்வரை எடுத்துக்கொள்ளும் ஒருவரால் அது ஆகாது.

இந்தியப் பயிற்சியாளரான காலித் ஜமீலைப் பாருங்கள். ஐஸ்வாலுக்கு 2016–17 ஐ-லீக் பட்டம். நார்த் ஈஸ்டை 2020–21இல் பிளேஆஃப் சுற்றுக்குக் கொண்டுபோனது. 2024–25 சீசனில் ஜாம்ஷெட்பூரை ஐந்தாம் இடத்தில் முடித்து அரையிறுதிவரை சென்றது. அவரையே கேட்டிருப்பேன், ஆனால் 2025 ஆகஸ்ட் முதல் தேதி அவரை இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்துவிட்டார்கள். எனவே என் தேர்வு இன்னோர் இந்தியரான கிளிஃபோர்டு மிராண்டா.

2023 ஏப்ரலில் ஒடிசா அணியை இடைக்காலமாக ஏற்று, கோழிக்கோட்டில் நடந்த இறுதியில் பெங்களூருவை 2–1 என்று வென்று சூப்பர் கோப்பையைத் தூக்கியவர் அவர். அந்த அணியில் ஆடியவர்தான் நம் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். நந்தகுமார் ஐ-லீக் அணியான சென்னை சிட்டியில் ஆடினார், ஒடிசாவில் ஆடினார், ஈஸ்ட் பெங்காலுக்குப் போய், ஒரே ஊர் எதிரியான மோகன் பகானோடு நடந்த டூரண்ட் கோப்பை டெர்பியில் வெற்றி கோலை அடித்தார். அவர் ஊரின் பெயரைத் தாங்கிய நம் நீலச் சட்டையோடு அவர் ஒரு ஐஎஸ்எல் சீசன்கூட ஆடியதில்லை. இந்த நிலை மாற வேண்டும் என்பதற்காகத்தான் இந்தியப் பயிற்சியாளர் வேண்டும் என்கிறேன்.

தாம்பரம் நிதானம்:

வியாசர்பாடி நண்பரின் உணர்வை மதிக்கிறேன். வாதத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. கிளிஃபோர்டு மிராண்டா ஓர் ஐஎஸ்எல் அணியை சீசனின் முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை நடத்தியதே இல்லை. கோவாவில் 2020இல் செர்ஜியோ லோபெரா நீக்கப்பட்ட பிறகு கடைசிக் கட்டத்தை ஏற்று லீக் ஷீல்டை முடித்துக் கொடுத்தார். ஒடிசாவில் ஒரு தொடரை வென்றார். 2024 ஜனவரி சூப்பர் கோப்பையில் மோகன் பகானை ஏற்றபோது ஈஸ்ட் பெங்காலிடம் 3–1 என்று தோற்று வெளியேறினார். அன்று எதிரணிக்காக ஒரு கோல் அடித்தவர் அதே நந்தகுமார்.

பிறர் கட்டிய அணியைச் சில வாரங்கள் நடத்துவதும், கோடையில் ஆள் எடுப்பதிலிருந்து தொடங்கி, நான்கு தோல்விகள் தொடர்ச்சியாக வரும் டிசம்பரையும் தாண்டி, மார்ச்வரை உடைமாற்றும் அறையைத் தன் கைக்குள் வைத்திருப்பதும் வேறு வேறு வேலைகள். 2022இல் பாண்டோவிச் போன பிறகு சபீர் பாஷாவிடம் எஞ்சிய ஆட்டங்களை ஒப்படைத்தோம். சென்னைக்காரர், முன்னாள் இந்திய வீரர், நம் எல்லோருக்கும் வேண்டியவர். ஆனால் அந்தச் சில ஆட்டங்களை வைத்து அவரைப் பாராட்டவும் முடியவில்லை, குறை சொல்லவும் முடியவில்லை. இடைக்காலப் பொறுப்பு ஒருவரைப் பற்றி அவ்வளவு குறைவாகத்தான் நமக்குச் சொல்லும்.

வெளிநாட்டவருக்கு இந்திய இளைஞர்களைத் தெரியாது என்பதையும் ஏற்க முடியவில்லை. ஹைதராபாதில் ஸ்பானியப் பயிற்சியாளர் மனோலோ மார்கெஸ் ஆகாஷ் மிஸ்ராவையும் ஆஷிஷ் ராயையும் ஃபுல்பேக் இடங்களில் (பின்களத்தின் இரு ஓரங்களில்) நிறுத்தி, தவறு செய்தாலும் அடுத்த ஆட்டத்திலும் அவர்களையே ஆடவைத்து வளர்த்தார். 2021–22 கோப்பை அந்தப் பொறுமைக்குக் கிடைத்தது. கடவுச்சீட்டின் நிறத்தைவிட இந்தக் குணத்தைத் தேடுவதே நல்லது.

கோவை நேரு மைதானம்:

சென்னையின் கழகத்தைப் பற்றிய இழையில் கோவைக்காரன் ஏன் வருகிறான் என்று நினைக்க வேண்டாம். சென்னை சிட்டி இல்லாமல் போன பிறகு, ஐஎஸ்எல்லில் தமிழ்நாட்டுக்கு இருக்கும் ஒரே கழகம் உங்களுடையது என்பதால் அது எங்களுடையதும்தான்.

2018–19 சீசனில் சென்னை சிட்டியின் உள்ளூர் ஆட்டங்கள் கோவை நேரு மைதானத்தில் நடந்தன. பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். இங்கே அவர் பெயரை அதற்கு முன் யாரும் பெரிதாகக் கேட்டிருக்கவில்லை. ஸ்பெயினிலிருந்து நான்கு வீரர்களைக் கொண்டுவந்தார். அவர்களைச் சுற்றி எட்வின் சிட்னி வான்ஸ்பால், அஜித் குமார், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், ரெஜின் என்று தமிழ்நாட்டுப் பையன்களை நிறுத்தினார். கோல்கீப்பர் பந்தைத் தூக்கி அடித்து நான் பார்த்தது அபூர்வம். முதல் சில ஆட்டங்களில், பின்களத்தில் நெருக்கடிக்குள் பந்தைக் கடத்தும்போதெல்லாம் எங்கள் கேலரியில் ‘தூக்கி அடிடா’ என்று கூச்சல் எழும். சீசனின் நடுப்பகுதியில் அந்தக் கூச்சல் நின்றுபோனது. பையன்கள் அடுத்த பாஸ் எங்கே என்று தெரிந்து ஆடுவதை நாங்களும் கற்றுக்கொண்டுவிட்டோம்.

2019 மார்ச் 9, கடைசி ஆட்டம், எதிரே மினர்வா பஞ்சாப். மூன்றாவது நிமிடத்திலேயே ஒரு கோல் வாங்கிவிட்டோம். அதே நேரத்தில், பட்டத்துக்கு எங்களோடு போட்டியிட்ட ஈஸ்ட் பெங்கால் இன்னோர் ஊரில் ஆடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு வெற்றி வேண்டும். இடைவேளையில் பக்கத்து இருக்கைப் பெரியவர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு எங்கள் ஸ்ட்ரைக்கர் மான்ஸி பெனால்டியைப் போட்டார், பின்கள வீரர் கௌரவ் போரா இரண்டு கோல்கள் அடித்தார். 3–1. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஐ-லீக் பட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது. பெரியவர் அந்தத் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டிருந்தார்.

எட்வினும் அஜித்தும் பின்னர் உங்கள் சட்டையை அணிந்தார்கள், ஆனால் நேரு மைதானத்தில் ஆடிய அளவுக்கு அங்கே அவர்கள் ஆடி நான் பார்க்கவில்லை. ஆட்கள் அதே ஆட்கள். மாறியது அவர்களைச் சுற்றியிருந்த திட்டம். பெயர் பெற்றவரைத் தேடாதீர்கள், பெயரில்லாவிட்டாலும் தெளிவான ஆட்டமுறை உள்ளவரைத் தேடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

காசிமேடு கோல்கீப்பர்:

கோவை நண்பரே, அந்தச் சீசனை நானும் ரசித்தேன். ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன். அந்த அணியில் மான்ஸி 21 கோல் அடித்தார். முன்னால் அப்படி ஒருவர் இருந்தால் பின்னால் பந்தைக் கடத்திக்கொண்டிருக்க யாருக்கும் துணிச்சல் வரும். நமக்கு அந்த ஸ்ட்ரைக்கர் எங்கே?

பெரம்பூர் கேலரி:

நான் ஐசிஎஃப் மைதானத்திலும் நேரு விளையாட்டரங்கிலும் சென்னை லீக் ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்தவன். இந்தக் கழகம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே. வயதின் உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 மார்ச் 17 அன்று, ஐஎஸ்எல் இறுதிப்போட்டிக்காகப் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் இருந்தேன். லீக் பட்டியலில் நம்மைவிட எட்டுப் புள்ளிகள் மேலே முடித்த அணி எதிரே, அவர்கள் ஊரில், அவர்கள் கூட்டத்தின் நடுவில். ஒன்பதாவது நிமிடத்தில் அவர்களின் சேத்ரி தலையால் முட்டிக் கோல் போட்டபோது அரங்கமே இடிந்து விழுவதுபோல் சத்தம். பிறகு நம் கிரகோரி நெல்சன் ஒரு கார்னர் எடுத்தார். நம் பின்கள வீரர் மெயில்சன் ஆல்வெஸ் கூட்டத்துக்குள்ளிருந்து எழும்பி முட்டினார், கோல். இடைவேளைக்குச் சற்று முன் மறுபடி நெல்சனின் கார்னர், மறுபடி மெயில்சனின் தலை. எனக்குப் பின்னால் இருந்த பெங்களூருக்காரர் ஒருவர், ‘அதே பந்தையே திரும்பப் போட்டுக் காட்டுகிறார்களா’ என்று தன் நண்பரிடம் கேட்டார். இரண்டாம் பாதியில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதை அடித்தார், 3–2. அதிர்ஷ்டத்தால் வந்த கோல்கள் அல்ல அவை. அப்போதைய நம் பயிற்சியாளர் ஜான் கிரகோரி ஆரவாரமான ஆட்டம் ஆடவைத்தவர் அல்லர், ஆனால் தன் கையில் இருந்த வீரர்களால் எது முடியும் என்பதைத் துல்லியமாக அறிந்தவர். அன்றைய நடுக்களத்தில் நம் சென்னைப் பையன் தன்பால் கணேஷும் இருந்தார் என்பதை வியாசர்பாடித் தம்பிக்காகச் சொல்லி வைக்கிறேன்.

அதே ஜான் கிரகோரியின் கீழ் அடுத்த சீசனில் பத்து அணிகளில் பத்தாவதாக முடித்தோம். அவருக்கு முன் பயிற்சியாளராக இருந்த மார்கோ மாதெராஸிக்கும் அப்படித்தான். 2015 இறுதிப்போட்டியில் கோவாவில் ஒன்றுக்கு இரண்டு என்று பின்தங்கி, 90ஆவது நிமிடத்தில் சமன் செய்து, அதற்குப் பின் சேர்த்துக் கொடுத்த இரண்டொரு நிமிடங்களில் மெண்டோசாவின் காலால் கோப்பையை எடுத்தோம். மழையும் வெள்ளமும் சென்னையைப் புரட்டிப் போட்ட அந்த டிசம்பரில் அரையிறுதியைக்கூட நம் ஊரில் ஆட முடியாமல் புனேயில் ஆடிய அணி அது. மறு ஆண்டு எட்டு அணிகளில் ஏழாவது. கோய்லின் இரண்டாவது வருகையிலும் ஆறாம் இடத்துக்கு அடுத்தது பதினொன்று.

இந்த வரிசையை வைத்து நான் சொல்ல விரும்புவது இதுதான். நம் கழகத்துக்கு நல்ல ஆண்டு ஒன்றைத் தருகிற பயிற்சியாளர்கள் கிடைத்துக்கொண்டேதான் இருந்தார்கள். அந்த நல்ல ஆண்டுக்கு அடுத்து வரும் இரண்டாம் ஆண்டில்தான் விழுகிறோம். முந்தைய ஆண்டு ஸ்ட்ரைக்கர் வேறு கழகத்துக்குப் போயிருப்பார், அல்லது காயத்தில் இருப்பார், அல்லது எதிரணிகள் நம்மைப் படித்திருப்பார்கள். அப்போது அடுத்த வரிசையிலிருந்து இழுத்து ஆடவைக்க ஆள் இருப்பதில்லை. கோல்கீப்பர் தம்பி கேட்கும் ஹபாஸ் முதல் ஆண்டுக்கு மிகச் சிறந்தவர். 1957இல் பிறந்த அவரிடம் மூன்றாம் ஆண்டுக்கான அடித்தளத்தைக் கேட்பது நியாயமாகாது. ஆகவே, இரண்டாம் ஆண்டை முதல் நாளிலேயே யோசிப்பவர் யாரோ, அவருக்கே என் வாக்கு.

நீலக்கொடி:

ஐயா சொன்ன இரண்டாம் ஆண்டுக் கோணம் எனக்குத் தோன்றியிருக்கவில்லை. நானும் எட்டு, எட்டு, எட்டு என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நடைமுறைச் சிக்கல் ஒன்றையும் கவனத்தில் கொள்ள வேண்டும். 2025 ஜூலை 11 அன்று ஐஎஸ்எல்லை நடத்திவந்த நிறுவனம் 2025–26 சீசனையே நிறுத்திவைத்தது. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்போடு அதற்குள்ள உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8ஆம் தேதியோடு முடிகிறது. லீக் எப்போது தொடங்கும், எத்தனை ஆட்டங்கள், எவ்வளவு பணம் என்பது எதுவும் உறுதியாகவில்லை. இந்த நிலையில் வெளிநாட்டிலிருந்து ஒருவரைப் பெரிய ஊதியத்துக்கு அழைத்துவந்து காத்திருக்கச் சொல்வது கழகத்துக்கும் கடினம், வருபவருக்கும் கடினம். நான் இந்தியப் பயிற்சியாளரின் பக்கம் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம். மலிவானவர் என்பதற்காக அவரை அமர்த்தினோம் என்ற பேச்சு மட்டும் வரக் கூடாது. அப்படி அமர்த்தினால் முதல் ஐந்து தோல்விகளிலேயே அவரைக் கைவிட்டுவிடுவார்கள்.

வியாசர்பாடி விங்கர்:

தாம்பரம் நண்பரின் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். முழு சீசனை நடத்திய அனுபவம் கிளிஃபோர்டுக்கு இல்லை. யாரும் வாய்ப்பு தராதவரை அது எப்படி வரும் என்று மட்டும் திருப்பிக் கேட்கிறேன். ஏஎஃப்சி ப்ரோ லைசென்ஸை (ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் உயர்நிலைப் பயிற்சியாளர் உரிமம்) முடித்துவிட்டு வெளிநாட்டவருக்குப் பக்கத்தில் உதவியாளராக ஆண்டுக்கணக்கில் கூம்பு அடுக்கிக்கொண்டிருக்கும் இந்தியப் பயிற்சியாளர்கள் எத்தனை பேர்?

எங்கள் முல்லை நகர் மைதானத்துக்குக் காலை ஆறு மணிக்கு வந்து பாருங்கள். மண் தரை, மழை பெய்தால் ஒரு பக்க கோலுக்கு முன்னால் குட்டைபோல் நீர் நிற்கும். அந்தப் பக்கம் ஆடும் பையன்கள் பந்தைத் தரையில் விடாமல் தொடையில் வாங்கித் திரும்பக் கற்றிருக்கிறார்கள், ஏனென்றால் தண்ணீரில் விழுந்தால் பந்து நின்றுவிடும். பன்னிரண்டு வயதுப் பையன், முதுகைக் கோலுக்குக் காட்டி, தொடையில் வாங்கி, ஒரே சுழற்சியில் அடிக்கிறான். கோல்கீப்பர் அண்ணா கேட்ட ஸ்ட்ரைக்கர் அங்கேதான் எங்கோ இருக்கிறான். அவனை ஜூனியர் அணியிலும் ரிசர்வ் அணியிலும் வளர்த்து, பத்தொன்பது வயதில் பெஞ்சில் உட்காரவைத்து, எழுபதாவது நிமிடத்தில் எழுப்பி உள்ளே அனுப்பும் துணிச்சல் உள்ளவர் எவராக இருந்தாலும் எனக்குச் சம்மதம். கிளிஃபோர்டுக்கு அது இருக்கும் என்று நம்புகிறேன், அவ்வளவே.

காசிமேடு கோல்கீப்பர்:

நான் ஹபாஸை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் யார் வந்தாலும் இரண்டாவது பந்துக்கு ஓர் ஆளை நிறுத்த வேண்டும், அந்த ஆள் இந்தியராக இருக்க வேண்டும் என்ற அளவில் தம்பியோடு ஒத்துப்போகிறேன். நான்கு வெளிநாட்டு இடங்களில் ஒன்றை அந்த வேலைக்குச் செலவழிக்க முடியாது.

பெரம்பூர் கேலரி:

கிளிஃபோர்டு பெயர் வந்ததால் ஒரு நினைவு. 2020 அரையிறுதியில் நம் எதிரே கோவா அணியின் பெஞ்சில் இருந்தவர் அவர்தான். சென்னையில் 4–1 என்று வென்றுவிட்டு, மறு ஆட்டத்துக்கு நாம் கோவா போனபோது எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். முதல் பாதியிலேயே இரண்டு கோல் போட்டுவிட்டார்கள். நாம் சாங்தே, வால்ஸ்கிஸ் மூலம் இரண்டைத் திருப்பியபோதாவது அந்த அணி துவண்டிருக்க வேண்டும், இல்லை. இன்னும் இரண்டு போட்டு 4–2 ஆக்கினார்கள். மொத்தக் கணக்கில் 6–5 என்று நாம் தப்பினோம். கடைசி ஐந்து நிமிடங்கள் நான் நின்றுகொண்டேதான் பார்த்தேன்.

மூன்று கோல் பின்தங்கி வந்த அணியை அவ்வளவு நேரம் நம்பிக்கை இழக்காமல் ஆடவைத்தவர் என்ற அளவில் அவரை எனக்குத் தெரியும். அன்று எதிர்பக்கம் நின்றவரை இந்தப் பக்கம் அழைத்தால், நான் பழைய இருக்கைக்கே சீட்டு வாங்குவேன்.